பெறுநர்: ஆறு

எதிர்மனுதாரர் முகவரி என்ற கட்டத்தில்
தட்டச்சு செய்பவள் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தாள்.
எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்றேன்.
"பள்ளத்தில் இறங்கிப் போ. சத்தம் கேட்கும்."

இருபத்திரண்டு வருடமாக அழைப்பாணை கொடுப்பவன் நான்.
கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்களை
இருமலை வைத்தே கண்டுபிடித்திருக்கிறேன்.
செத்துப்போனதாய்ச் சொன்ன ஒருவனிடம்
அவன் கையாலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.
ஒளியத் தெரியாத ஒருவருக்கு
தாள் கொண்டுபோவது இதுதான் முதல்.

வழக்கு இது.
பிப்ரவரி வெள்ளத்தில்
தெல்ஃபினா பிலாமுங்காவின் இரண்டு பசுக்கள் போயின.
உருளைக்கிழங்கு வயலில் கால் பங்கு,
ஒரு நீலத் தண்ணீர்த் தொட்டி.
இயற்கைக்கு உரிமை உண்டென்று
ஈக்வடாரின் அரசியல் சாசனத்தில் எழுதியாயிற்று.
ரூமியாக்குவின் பெயரிலேயே
சரளைக்கல் கம்பெனிமேல் மனுவும் போட்டாயிற்று.
அப்படியானால், என்று
அவள் மலையிறங்கி வந்தாள்,
சால்வைக்குள் ஒரு கழுத்துமணியோடு.
"ஆள் என்று சொல்லிவிட்டீர்கள்.
ஆளென்றால் கடனும் உண்டு."

வக்கீல்கள் சிரித்தார்கள்.
நீதிபதி நோயமி பர்ராகான் சிரிக்கவில்லை.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு முத்திரை குத்தினார்.

பெறுநர் கைநீட்டாவிட்டால்
உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.
படித்தேன்.
செருப்பைக் கழற்றியிருந்தேன், ஏனென்று தெரியாது.
மேற்படி ஆறு, மேற்படி தேதியில்,
மேற்படி நிலத்தில் அத்துமீறி
என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது.
எதிர்க்கரைப் பாறையின் உச்சியில்
காய்ந்த புல்லும் ஒற்றை ரப்பர் காலணியும்.
அவ்வளவு உயரத்துக்கு வந்து போயிருக்கிறது.
சாட்சிக் கையெழுத்துக்கு
தூண்டில் போட்டிருந்த பையனைக் கூப்பிட்டேன்.
"கோர்ட்டுக்கு வருமா இது?"
"வராமலிருக்க வேண்டிக்கொள்."

விசாரணையன்று
ஆற்றின் காப்பாளர் ஔரேலியோ டிப்பான்
இஸ்திரி போடாத கோட்டில் நின்று
பழைய நிலவரைபடத்தை விரித்தார்.
கம்பெனி அணைகட்டி நேராக்கிய வளைவு இது,
நேராக்கியதால்தான் நீருக்கு வேகம் வந்தது,
குற்றம் என் கட்சிக்காரர் மேல் இல்லை.

"கம்பெனி எங்கே ஓடிவிடும்,"
என்றாள் தெல்ஃபினா.
"என் அப்பா உழுதது ஆற்றின் பழைய படுக்கையை.
எனக்குத் தெரியாதா? மண்வெட்டி வைத்தால் உருண்டைக் கல்.
விடிந்ததும் அதைத் திட்டிக்கொண்டுதான் தண்ணீர் மொள்வேன்.
பக்கத்து வீட்டோடு பேசாமல் இருக்க முடியுமா?
என் பசுக்களின் பெயர் அதற்குத் தெரிய வேண்டும்.
பிந்தா. கபித்தானா.
எழுதிக்கொள்ளுங்கள்."

எழுதிக்கொண்டார்கள். எழுத்துக் கூட்டி.

தீர்ப்பு பதினோரு பக்கம்.
கம்பெனி அணையைப் பெயர்க்க வேண்டும்,
இரண்டு பசுவுக்கும் விலை தர வேண்டும்.
கால் பங்கு வயலைப் பற்றிய பத்தி வந்ததும்
நீதிபதி நிறுத்தி அவளைப் பார்த்தார்.
அறையில் மின்விசிறி மட்டும் பேசியது.
தெல்ஃபினா பேனாவைக் கேட்டாள்.
"கேட்காமல் எடுத்ததுதான் தப்பு.
இப்போது நான் கொடுக்கிறேன்."
பெயரை எழுத நெடுநேரம் ஆனது,
கடைசி எழுத்து தாளை விட்டு வெளியே போய்விட்டது.

கம்பெனி மேல்முறையீடு செய்திருக்கிறது.
அணை இன்னும் அங்கேதான்.
அவள் மட்டும் நாற்பது அடி பின்வாங்கி
இந்தப் பருவம் விதைத்திருக்கிறாள்.
விட்ட இடத்தில்
யாரும் நடாத ஏதோ மஞ்சள் பூ.

தீர்ப்பின் நகலோடு மறுபடி இறங்கினேன்.
கோடை. முன்பு நின்று படித்த இடத்தில்
ஆறு இல்லை,
கற்களின் மேல் இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டியிருந்தது.
பதினோரு பக்கத்தையும் படித்தேன்,
பசுக்களின் பெயர் வரும் பக்கத்தை இருமுறை.

பதிவேட்டில் மீண்டும் அந்தக் கட்டம், முகவரி.
அளவுகோல் பையில் இருந்தது. எடுக்கவில்லை.
கோட்டை நடுவில்
கொஞ்சம் வளைத்துப் போட்டேன்.